வேதவல்லி உட்கார்ந்துவிட்ட எபிசோட்

சென்ற ஆயுத பூஜையன்று மாலை ஏழரை மணிக்குத் தமிழ்நாட்டில் முப்பத்தெட்டு லட்சம் வீடுகள் ஒரே நேரத்தில் ஏமாந்தன. வழக்கமாக இதற்குத் தேர்தல் முடிவுகள் வர வேண்டும். இந்த முறை ஒரு கார்ட்டூனே போதுமானதாக இருந்தது.

என் பெயர் ஜெரோம். தொழில், ஏமாற்ற ஆய்வாளர். சிரிக்க வேண்டாம், விசிட்டிங் கார்டிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். ‘லிஃப்ட் இல்லாத வீடு’ தொடரைத் தயாரிக்கும் நிறுவனத்தில், பார்ப்பவர் யாராவது ஏமாற்றமடைந்தால் ஏன் என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஒன்பது வருடமாக யாரும் ஏமாறவில்லை. வாரத்துக்கு ஏழெட்டுப் புகார் வரும். அதிலும் பாதி, ரிமோட்டின் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவர்களுடையது. இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

தொடரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாலிகிராமத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் மின்வாரிய எழுத்தர் கஜபதி, மனைவி வேதவல்லி, ஒரு மகள், ஒரு மகன், கஜபதியின் கல்யாணமாகாத தம்பி. முப்பத்தொரு வருடமாக ஓடுகிறது. கார்ட்டூன் என்பதால் யாருக்கும் வயதாவதில்லை. மகன் முதல் எபிசோடிலிருந்தே ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கல்வித்துறை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. லிஃப்ட் கேட்டுக் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தொடர் யதார்த்தத்தை விட்டு விலகியதே இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மேக்கப் வந்தது. அந்த இயந்திரத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஆபீஸில் எல்லோருக்கும் அது மேக்கப்தான். எழுத்தாளர் மூலக்கதை எழுதிக் கொடுப்பார். டிவியில் இருக்கும் சின்னக் கேமரா வீட்டிலிருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று அது சொல்லச் சொல்ல, மேக்கப் அந்த நொடியே படத்தை மாற்றி வரைந்து, வசனத்தை மாற்றிப் பேசவைத்து, அந்த வீட்டுக்குப் பிடித்த எபிசோடாக ஆக்கிவிடும். நாற்பத்தாறு லட்சம் சந்தாதாரர்கள், நாற்பத்தாறு லட்சம் எபிசோடுகள். அந்தக் கேமராவுக்கு நாங்கள் வைத்த பெயர் நெற்றிக்கண். விளம்பரத்தில் ‘எரிக்காது, சிரிக்க வைக்கும்’ என்று வேறு போட்டோம். அதை எழுதியவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இனி அந்த எபிசோடுக்கு வருகிறேன். என் வீட்டில் அது பிரமாதமாக இருந்தது. கஜபதி கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, கடைசிப் படியில் வழுக்கி, சிலிண்டரோடு உருண்டு, கீழே கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்த வேதவல்லியின் மேல் போய் விழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் மனைவி ரெஜினா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், சுண்டல் சாப்பிட்டு அங்கேயே பார்த்துவிட்டு வந்தாள்.

“என்னங்க எபிசோட் இது? ஒண்ணுமே நடக்கல. அந்தம்மா படியில உக்காந்துச்சு, அவ்வளவுதான்.”

“அது அவங்க வீட்டு ரசனை,” என்றேன். வேலை பார்க்கும் இடத்தின் பெருமை விடுமா?

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால் அந்தப் பெருமை தரையில் கிடந்தது. எங்கள் தலைவர் ரித்திக் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். இதற்கு முன் சோப்புக் கம்பெனியில் இருந்தவர். நகைச்சுவையும் நுரைதான் என்று முதல் நாளே சொல்லித்தான் பதவியேற்றார்.

“ஜெரோம் சார், டேட்டா என்ன சொல்லுதுன்னா, வியாழக்கிழமை எபிசோட முப்பத்தெட்டு லட்சம் வீட்ல ஒருத்தர்கூடப் பாக்கல. டிவி ஓடியிருக்கு. முன்னாடி ஒரு முகம் இல்ல.”

“புகார் எத்தனை சார்?”

“அதே முப்பத்தெட்டு லட்சம். எல்லாம் ரிமோட்ல ‘ஏமாற்றம்’ பட்டன அமுக்கினது.”

“பாக்காமலேயே திட்டியிருக்காங்களா?”

“அதான் கேக்கறேன்.”

“நம்ம ஊர்ல அது ஒண்ணும் புதுசு இல்ல சார்,” என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு அவரே விளக்கினார். முகம் தெரியாவிட்டால் வீடு காலி என்று மேக்கப் நினைத்துக்கொள்ளும். காலி வீட்டுக்கு அலங்காரம் எதற்கு? மூலக்கதையை எழுதியபடியே ஓட்டிவிடும். முகங்கள் எங்கே போயின என்பது அப்புறம். முப்பத்தெட்டு லட்சம் வீடுகளில் ஓடியது மூலக்கதை, முப்பத்தெட்டு லட்சம் புகார் வந்திருக்கிறது, ஆகவே மூலக்கதை மோசம். சோப்பில் நுரை வராவிட்டால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது என்றார்.

“சுகந்தி மேடம் முப்பத்தொரு வருஷமா எழுதறாங்க இல்ல? போதும் சார். மன்னிப்புக் கடிதம் தயார் பண்ணியிருக்கேன். பார்வையாளர்களை ஏமாத்தினதுக்கு வருந்தி விலகிக்கறேன்னு. கையெழுத்து வாங்கிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க.”

“கடிதத்தையா?”

“மேடத்த.”

சுகந்தி மேடத்தை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அறுபத்தொரு வயது. தொடரின் முதல் எபிசோடிலிருந்து அத்தனை மூலக்கதைகளும் அவருடையவைதான். அவருக்கு இந்தத் தொடரை விட்டால் வேறொன்றும் கிடையாது என்பது ஆபீஸில் கேலியாகவே சொல்லப்படும். நானும் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம். தலைமை அலுவலகம் டென்மார்க்கில் இருக்கிறது. தமிழர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்று அங்கிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியுமாம். மீட்டிங் அறையின் சுவரில் எங்கள் நிறுவனத்தின் புதிய டிவி. அதில் இரண்டு டேனிஷ்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் குரல் கேட்கிறது, ஆனால் ஆட்களைக் காணோம் என்றார்கள். சென்னையில் மழை என்று ரித்திக் சொன்னார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நான் டிவியை நிமிர்ந்து பார்த்தேன். மேல் விளிம்பில், நட்ட நடுவில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது. ஆயுத பூஜையன்று ரித்திக்கே தன் கையால் வைத்தது. எழுந்து போய் நகத்தால் சுரண்டினேன். பொருக்கு உதிர்ந்ததும் டென்மார்க்கில் இரண்டு முகங்கள் மலர்ந்தன. வந்துவிட்டீர்கள் என்றார்கள்.

ஜூலை மாதம் பழைய டிவியை எடுத்துக்கொண்டு எல்லாச் சந்தாதாரருக்கும் புது டிவி கொடுத்தோம். பழைய மாடலில் நெற்றிக்கண் கீழே இருந்த பெட்டியில் இருந்தது. நெற்றிக்கண் என்று பெயர் வைத்துவிட்டு அதைக் காலடியில் வைப்பதா என்று ரித்திக்தான் அதை மேலே ஏற்றச் சொன்னார். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. டிவியைத் துடைத்து, பட்டை போட்டு, பொட்டு வைக்கிற கை அதை எங்கே வைக்கும்? நெற்றியில்தான் வைக்கும். முப்பத்தெட்டு லட்சம் வீட்டிலும் அதே இடத்தில், அளவெடுத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், என் டிவிக்குப் பொட்டு இல்லை. அதனால் நான் மட்டும் சிலிண்டரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் ரித்திக்கிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

“சார், இத எப்படி ரிப்போர்ட்ல எழுதுவீங்க? பொட்டு வச்சதாலதான் கோளாறுன்னா நாளைக்கு வாசல்ல கொடியோட வந்து நிப்பாங்க. கேமராவ மேல வச்சது யாருன்னு டென்மார்க்கும் கேக்கும்.”

“உண்மை அதானே சார்.”

“நான் சொல்றதும் உண்மைதானே? பொட்டு மறைச்சுது, சரி. மறைச்சதால தெரிஞ்சது எது? மேடத்தோட கதை. அத யாருக்கும் பிடிக்கல. பொட்டப் பத்தி எழுதாம விட்டுடுங்க. அது பொய் இல்ல, சுருக்கம்.”

புதன்கிழமை காலை, கடிதத்தோடு விருகம்பாக்கத்தில் இருக்கும் சுகந்தி மேடம் வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். போகும்போதுதான் விஷயம் எனக்கு முழுதாக உறைத்தது. பொட்டு விஷயத்தைச் சொன்னால் அவர் வேலை பிழைக்கும். ஆனால் கூடவே, ஒன்பது வருடமாக மேக்கப் அவர் கதையை வீட்டுக்கு வீடு எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும். ஆனால் ஒரே ஒரு முறை தவறிவிட்டோம், மற்றபடி ஊரே நம் கதையைப் பார்த்துச் சிரித்தது என்ற நினைப்போடு போவார். இதில் எது நல்லது என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிக் கேட்கப்பட்டவர் போலத் திரும்பிப் பார்த்தார்.

அவர் வீடும் மூன்றாம் மாடிதான். லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் நான் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

“வியாழக்கிழமை பாத்தீங்களா ஜெரோம்? நல்லா வந்திருந்தது இல்ல?”

மோர் கொண்டுவந்து கொடுத்தார். மேஜை மேல் அச்செடுத்த மூலக்கதைகள் அடுக்கி வைத்திருந்தன. எதிரே டிவி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கதையை மடியில் வைத்துக்கொண்டு, வசனத்துக்கு வசனம் டிக் போட்டுக்கொண்டே பார்ப்பாராம். எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக டிக்.

“மத்த தொடர்லெல்லாம் அந்த மிஷின் கதைய கொத்துபரோட்டா போடுதுன்னு சொல்றாங்க. ஒன்பது வருஷத்துல என் கதைல ஒரு வரி மாறல, பாருங்க. கை வைக்க அதுக்கு ஒண்ணும் கிடைக்கல போல.”

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த டிவியில் நெற்றிக்கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எதற்குச் சிரிப்பார் என்று அதற்குத் தெரியும். அவர் எழுதியதற்குத்தான்.

“அந்தப் படி சீன் எழுதறதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு,” என்றார். “வேதவல்லி கறிவேப்பிலைக்கு ஒரு தடவை எறங்கறா. உப்புக்கு ஒரு தடவை. கொழுந்தனுக்கு ரீசார்ஜ் கார்டுன்னு ஒரு தடவை. நாலாவது தடவை ஏறும்போது ரெண்டாவது மாடில முட்டி வலிக்குது, உக்காந்துடறா. பதினோரு நிமிஷம் எந்திரிக்கறதே இல்ல. மேல இருந்து எல்லாரும் கூப்பிடறாங்க, ஒருத்தரும் எறங்கல. அப்படியே விட்டுட்டேன். முப்பத்தொரு வருஷத்துல அவள நான் உக்கார வச்சதே இல்ல தெரியுமா?”

நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். கோழைக்கு அதுதான் சுலபம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

“முப்பத்தெட்டு லட்சமா?”

“ஆமா மேடம்.”

“ஒன்பது வருஷமா ஒரு புகார் இல்ல. இவ்வளவு பேர ஒரே நாள்ல வருத்தப்பட வச்சிருக்கேன்னா என் மேலதான் தப்பு இருக்கணும்.” பேனாவைத் தேடினார். “அவங்க வீட்டு நாளும் கெழமையுமா நான் போய் இப்படி எழுதியிருக்கக் கூடாது.”

பேனா கிடைத்துவிட்டது. அவர் கையெழுத்துப் போடக் குனிந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்து நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

“எங்க வீட்ல ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். அந்தச் சிலிண்டர் சீன்ல சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

பேனா நின்றது.

“என்ன சிலிண்டர்?”

அதற்கப்புறம் ஒளிக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேக்கப், முகங்கள், வீட்டுக்கு வீடு மாறுகிற கதை, பொட்டு. இடையில் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார்.

“அப்ப என் வீட்ல மட்டும் எப்படி மாறாம வந்தது?”

“நீங்க உங்க வசனத்துக்குத்தானே மேடம் சிரிப்பீங்க. அத அது கத்துக்கிச்சு.”

டிவியைப் பார்த்தார். பிறகு அந்த டிக் போட்ட காகிதக் கட்டைப் பார்த்தார்.

“நான் எழுதினத ஒன்பது வருஷமா நான் மட்டும்தான் பாத்திருக்கேன்.”

அவர் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடம் இதே வேலையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன், இப்படி ஒருவர் இருப்பார் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

“உங்க வீட்ல வந்தத எனக்குக் காட்டுங்க,” என்றார்.

டேப்லெட்டில் போட்டுக் காட்டினேன். கடைசி வரை அசையாமல் பார்த்தார். சிலிண்டர் வேதவல்லியின் மேல் விழுந்த இடத்தில் நான் இருமினேன்.

“உங்க வீட்ல வேதவல்லி பேசறதே இல்லையா?”

“பேசுவாங்க மேடம்.”

“என்ன பேசுவா?”

யோசித்துப் பார்த்தேன். “ஐயையோன்னு சொல்வாங்க.”

“ஒன்பது வருஷமாவா?”

“சில சமயம் காபி வேணுமான்னு கேப்பாங்க.”

அவர் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார். எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். தெருவில் ஒருவர் பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனார்.

“சரி. பொட்டு வச்சவங்க என்ன சொல்லித் திட்டினாங்க?”

“ஏமாற்றம்னு.”

“அது பட்டன். வாயால என்ன சொன்னாங்க? பட்டன அமுக்கினா அப்புறம் பேசலாமில்ல?”

பேசலாம்தான். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டில் பேசினால் அது பதிவாகும். பதிவாகி ஒரு கிடங்கில் போய்ச் சேரும். அதை யாரும் திறந்ததில்லை. எங்களுக்குத் தேவை எண்ணிக்கை. ஏமாற்றத்தை ஆராய ஒன்பது வருடம் சம்பளம் வாங்கிய நான், ஏமாந்தவர் ஒருவரின் குரலைக்கூடக் கேட்டதில்லை. அவர் முன்னால் வைத்துத்தான் முதல் பதிவைத் திறந்தேன்.

மதுரைப் பக்கத்து ஆண் குரல். “ஏப்பா, அந்தப் பொம்பள எம்புட்டு நேரமா படியில உக்காந்திருக்கு. வீட்டுக்குள்ள இத்தன பேரு இருக்காய்ங்க. ஒருத்தனாச்சும் எறங்கி வந்து என்னான்னு கேட்டானா? என்னய்யா குடும்பம் அது?”

அடுத்தது இளைஞன். “செம மொக்க. தூக்கம் வந்துருச்சு.”

“இவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு,” என்றார் சுகந்தி மேடம்.

மூன்றாவது கோயமுத்தூர்ப் பெண். “ஏனுங்க, அந்தக்கா உக்காந்ததுக்கப்புறம் கடைசி வரைக்கும் யாருமே போகலீங்களே. அப்புறமாச்சும் போனாங்களா இல்லீங்களான்னு மட்டும் சொல்லீருங்க. எனக்கு மனசே ஆறல.”

நான்காவது, வயதானவர், தென்கோடியில் எங்கள் ஊர்ப் பக்கம். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். “முப்பது வருசமா பாக்கேன். கஜபதி இப்படிப்பட்ட ஆளுன்னு நான் நெனைக்கவே இல்ல. ரொம்ப ஏமாத்தமாப் போச்சுய்யா.”

அதை மட்டும் மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டேன். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. மத்தியானம் மூன்று மணி வரை இருவரும் சாப்பிடவில்லை. திட்டியவர்கள் இருந்தார்கள், கொட்டாவி விட்டவர்கள் நிறையவே இருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஏன் யாரும் இறங்கி வரவில்லை? ஒரு அம்மா கஜபதியைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தன் கணவருக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

“இவங்க கோவம் என் மேல இல்ல ஜெரோம்,” என்றார். கடிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகினார். “நான் இப்ப போக முடியாது. அவ இன்னும் படியிலதான் உக்காந்திருக்கா. யாராவது எறங்கணும்.”

அன்று சாயங்காலமே அறிக்கையை எழுதி, பொட்டு உட்பட எதையும் சுருக்காமல், குரல் பதிவுகளையும் சேர்த்து நேராக டென்மார்க்குக்கு அனுப்பினேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். வீரம் ஒன்றும் இல்லை, அந்தப் பெரியவரின் மூச்சு காதிலேயே இருந்தது. டென்மார்க்கில் பொட்டைப் பற்றிய நான்கு பக்கங்களையும் ரசித்துப் படித்தார்களாம். குரல் பதிவுகளைத் திறக்கவில்லை. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால் எழுத்தாளரை மாற்றத் தேவையில்லை என்று முடிவாயிற்று. உள்ளூர்ப் பண்பாட்டை நுட்பமாகக் கவனித்ததற்காக ரித்திக்குக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு பேசிய பேச்சில் பாட்டியைப் பற்றிச் சொல்லி லேசாகக் கண் கலங்கினார். பாட்டி சோப்புக்குப் பதில் சீயக்காய் போடுவாராம். எல்லா டிவியிலும் ஒரு அறிவிப்பு ஓடியது: ‘மங்களச் சின்னங்களைத் தயவுசெய்து திரையின் கீழ்ப்பகுதியில் இடவும்.’ ஜனங்களும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டே நாளில் முப்பத்தேழு லட்சம் வீடுகளின் முகங்கள் திரும்பக் கிடைத்தன.

சுகந்தி மேடம் எழுதிய அடுத்த மூலக்கதையை எனக்கு அனுப்பியிருந்தார். ஆறே பக்கம். கஜபதி மூன்றாம் மாடியில் நின்று இரண்டு முறை கூப்பிடுகிறார். பதில் இல்லை. செருப்பைப் போட்டுக்கொள்கிறார், கழற்றுகிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வேதவல்லியின் பக்கத்தில் உட்காருகிறார். கறிவேப்பிலைக் கட்டைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவுதான். படித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனேன்.

அது ஒளிபரப்பாகவிருந்த வியாழக்கிழமை ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ரெஜினாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கேமராவை ஒரு துணியால் மூடிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊழியர் வீட்டில் நெற்றிக்கண்ணை மூடினால் உடனே தெரிந்துவிடும், அன்றே சீட்டுக் கிழியும். அதோடு, அது தேவையில்லை என்றும் நம்பினேன். நான்தான் மாறிவிட்டேனே. என் முகத்தைப் பார்த்தாலே அதற்குப் புரிந்துவிடும். நான் அவர் எழுதிய கதையைப் பார்க்க வந்தவன். சிரிக்க வந்தவன் இல்லை. முகத்தைத் துக்க வீட்டில் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டேன்.

கஜபதி இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். எழுதியது எழுதியபடியே போய்க்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு படி, இரண்டு படி. பத்தாவது படியில் யாரோ கொட்டிய தண்ணீர். கஜபதியின் கால் வழுக்கியது. தொந்தியை முன்னால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் விமானம் மாதிரி விரித்துக்கொண்டு, ஒரு முழு மாடியையும் பின்புறத்தாலேயே இறங்கி வேதவல்லியின் மேல் போய் மோதினார். கறிவேப்பிலை அவர் மீசையில் தொங்கியது. வேதவல்லி “ஐயையோ” என்றார்.

சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வந்துவிட்டது.

ரெஜினா என்னைப் பார்த்தாள். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“எங்க போற?”

“பக்கத்து வீட்டுக்கு. அங்க இன்னும் பொட்டக் கழுவல.”

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுகந்தி மேடத்திடமிருந்து போன். தன் வீட்டு டிவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதில் என்ன வந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

“உங்க வீட்ல பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம்.”

“கஜபதி எறங்கினானா?”

“எறங்கினாரு.”

“பக்கத்துல உக்காந்தானா?”

உட்கார்ந்தார் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்பது வருடம் அவரிடம் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

“இல்ல மேடம். படியில தண்ணி இருந்துச்சு. வழுக்கி விழுந்துட்டாரு.”



“நீங்க சிரிச்சீங்களா?”

“சிரிச்சேன் மேடம்.”

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பேனா மூடியைக் கழற்றும் சத்தமும் கேட்டது.

“எத்தனாவது படி?” என்றார்.

“பத்தாவது.”

“சரி. அடுத்த வாரத்துக்கு முதல் சீன்லயே வேதவல்லி எல்லாப் படியையும் தொடச்சுக் காய வச்சுட்டான்னு எழுதிடறேன்,” என்றார். எழுதியதைப் பாதியில் நிறுத்தி, “இல்ல, அவ வேண்டாம். கஜபதியே தொடைக்கட்டும்,” என்றார்.